கண்காணித்தவர் கையொப்பம்

காலை எட்டு மணிக்கு எனக்கு ஒரு பூனையின் நாக்கு.
பிற்பகல் இரண்டரைக்குப் பெண்ணியல்.
இடையில் கார் நிறுத்துமிடத்தின் பனி,
எவ்வளவு கழுவினாலும் போகாத அயோடின் மணம்.

வடக்கு டகோட்டாவில் நவம்பர் என்றால்
இமைகூட ஒட்டிக்கொள்ளும்.
கால்நடைத் தொழில்நுட்பத்தோடு இதை ஏன் எடுக்கிறாய் என்று
பதிவு அலுவலகத்தில் கேட்டார்கள்.
அட்டவணையில் அந்த ஓட்டைதான் இருந்தது என்றேன்.
பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

எங்கள் வகுப்பில் இருபத்துமூன்று பெண்கள், ஒரு க்ளேட்டன்.
பண்ணைக்குப் போகிற நாளில்
வேலியோரம் நிற்கிற விவசாயி
கேள்வியை க்ளேட்டனிடம்தான் கேட்பார்.
க்ளேட்டன், பாவம், என்னைப் பார்ப்பான்.
பசுவின் இடது விலாவில் குழலை வைத்துச் சுண்டியபடி
"தகரத்தைத் தட்டினாற்போல் கேட்கிறது,
மருத்துவரைக் கூப்பிடுங்கள்" என்பேன்.
"அப்படியா" என்பார் விவசாயி,
க்ளேட்டனிடம்.

லவோன் எங்களுக்குச் சொன்னது:
மயக்கத்தில் இருப்பது வாய்திறந்து சொல்லாது.
ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுது.
நாடி, மூச்சு, வெப்பம், ஈறின் நிறம்.
இளஞ்சிவப்பு நல்லது. வெளுத்தால் கத்து.
ஒன்றும் மாறவில்லையென்றாலும் எழுது,
மாறவில்லை என்பதும் செய்திதான்.
கத்தி பிடித்தவருக்குக் கண் வயிற்றில்.
மிச்ச உடம்பு முழுக்க உன் பொறுப்பு.

பேராசிரியர் ஓப்டாலின் வகுப்பு
பழைய மனையியல் கட்டடத்தின் நிலவறையில்.
சுவரில் இன்னும் பதினொரு எரிவாயுக் குழாய்கள்,
வாயடைத்து.
அவர் கொடுத்த வீட்டுவேலை:
ஒரு பெண்ணின் ஒரு நாளை விடாமல் குறித்து வா.

வெள்ளி இரவே வீட்டுக்குப் போய்விட்டேன்.
தாள் கொண்டுபோக மறந்திருந்தேன்.
பின்னிருக்கையில் மயக்கப் பதிவுப் படிவம் ஒரு கட்டுக் கிடந்தது.

நோயாளி: ஜானிஸ் டோலெஃப்சன்.
இனம்: ஒரு கோடு போட்டேன்.
எடை: கேட்டதற்கு முறைத்தாள்.
4.10. விளக்கு.
4.15. கொட்டில் கதவு உறைந்திருக்கிறது. தோளால் இடிக்கிறாள்.
4.20. கறவை.
4.25. கறவை. (இப்படியே ஒரு பக்கம்.)
7.05. கன்றுகளுக்குப் பால். ஒன்று குடிக்கவில்லை.
விரலைச் சப்பக் கொடுத்து ஏமாற்றுகிறாள்.
9.05. பண்ணைக் கணக்கு. எழுதுவது அவள்.
கையெழுத்துக்கான இடம் அப்பாவுடையது.
9.10. அதுவே.
11.40. நின்றபடி ரொட்டி.
ஈறின் நிறம்: சிரிக்கவில்லை, தெரியவில்லை.
1.30. தேவாலய மண்டபத்துக்கு எழுபது பேர் சூப்.
4.35. மறுபடி கறவை.
8.45. தொலைக்காட்சிக்கு முன்னால் தூங்கிவிட்டாள்.
ஒரு காலில் பூட்ஸ்.
8.50. மூச்சு பதினான்கு.
8.55. பதினான்கு.
9.00. மாற்றமில்லை. எழுதினேன்.
கண் திறக்காமலே சொன்னாள்:
"எண்றதை நிறுத்து, மாரிட். கூசுது."

பத்து நாள் கழித்துத் தாள் திரும்பி வந்தது.
பி பிளஸ்.
ஊதா மையில், படிவத்தின் அடியில் ஒரு வட்டம்:
கண்காணித்தவர் கையொப்பம் என்ற இடத்தைச் சுற்றி.
பக்கத்தில், "இந்த வீட்டில் இவர் எங்கே?"

கதவை அவள் இடித்தபோது
பேனாவைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றது நான்.
எழுபது பேர் சூப்பில் ஒரு கிண்ணம் எனக்கு.

கையெழுத்து இல்லாத தாள் செல்லாது என்பார் லவோன்,
நாய் பிழைத்தாலும்.

காரில் உட்கார்ந்து படிவத்தை ஸ்டீயரிங்மேல் விரித்தேன்.
பேனா எழுதவில்லை, மை உறைந்திருந்தது.
கோட்டுக்குள் கைவிட்டு
அக்குளில் செருகிக்கொண்டேன்,
வெப்பமானியை வைப்பதுபோல்.
காத்திருந்தேன்.