மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே

பெட்டி, பழைய ஃபேன் ரெகுலேட்டருடையது.
ஃபேன் செத்து, இறக்கையைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டபோது
இதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன்.
குமிழைச் சுற்றி ஒன்றிலிருந்து ஐந்துவரை
எண்கள் இன்னும் அழியவில்லை.
உள்ளே இப்போது எட்டுக்கால் ஐசி ஒன்று,
முதுகு காட்டி நிற்கும் இரண்டு டையோடு,
ஒன்பது வோல்ட் பேட்டரி.
கிட்டாரின் குரலைக் கொஞ்சம் கிழித்துத் தருவது இதன் வேலை.

கிழிவதெல்லாம் ஒழுங்காகத்தான் கிழிந்தது.
டோனில்தான் தகராறு.
ஒன்றில் வைத்தால் கம்பளிக்குள்ளிருந்து பேசும்.
இரண்டு, மூன்று, நாலு, எல்லாம் அதே கம்பளி.
ஐந்தைத் தொடும் கடைசி மயிரிழையில்
தகரத்தில் ஆணி.
செத்த ஃபேனும் இப்படித்தான்:
நாலுவரை சும்மா சுற்றும்,
ஐந்தில் காலண்டரைக் கிழிக்கும்.

எனக்கு ஞாயிறு மட்டும்தான்.
மற்ற ஆறு நாளும் மணலி யார்டில்
குளிர் கன்டெய்னர்களின் வயிற்றைத் திறந்து
யாரோ தின்னப்போகும் இறாலுக்கு
மைனஸ் பதினெட்டு இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

தண்டையார்பேட்டையில் எங்கள் சுவர்
ஆணி அடித்தால் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும்.
அந்தப் பக்கம் பர்வீன்.
ஸ்டான்லியில் இரவு ட்யூட்டி, அவளுக்குப் பகல்தான் ராத்திரி.
போன மாதம் கதவைத் தட்டினாள்.
திட்டவில்லை.
"வாசிக்காதேன்னு சொல்ல வரல ரூபன்.
அந்த மேல்சத்தம் மட்டும்
வார்டு மானிட்டர் அலாரம் மாதிரியே இருக்கு.
எழுந்து உட்கார்ந்து செருப்பைத் தேடறேன்.
அப்புறம்தான் வீடுன்னு தெரியுது."

அதற்கப்புறம் ஐந்து பக்கம் கை போகவில்லை.

டோன் கெப்பாசிட்டரைப் பிடுங்கினேன்.
நூறு நானோ இருந்த இடத்தில் இருநூற்றிருபது.
ஈயம் உருகி, ரெசின் புகை மூக்கில் ஏற,
கூர்மையெல்லாம் தரையில் இறங்கிவிட்டது என்று நினைத்தேன்.
அரைமணியில் மறுபடியும் கதவு.
"அலாரம் போச்சு.
இப்ப அலமாரியில டம்ளர் நடக்குது."

சுவர் கீச்சை வடிகட்டும்,
அடிச்சத்தத்தை அப்படியே விழுங்கி அந்தப் பக்கம் துப்பும்.
இது எந்தச் சர்க்யூட் படத்திலும் இல்லை.
சுவரும் ஒரு கெப்பாசிட்டர் மாதிரித்தான்,
அளவு மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை.

ஆகவே அடுத்த ஞாயிறு கெயின் பக்கத்திலும் கை வைத்தேன்.
அங்கே நூறை எடுத்து நாற்பத்தேழு.
நடந்த டம்ளர் நிற்கவேண்டும்.
ரிச்சி தெருவில் சரியான பொட்டென்ஷியோமீட்டர் கிடைக்கவில்லை,
கிடைத்ததன் இரண்டு கால்களுக்குக் குறுக்கே
ஒரு ரெசிஸ்டரைப் படுக்கவைத்தேன்.
குமிழ் கொஞ்சம் கொஞ்சமாக மனசு மாறப் பழகியது.
கெப்பாசிட்டரை இனி உருக்கி ஒட்டவில்லை,
சாக்கெட்டில் செருகி வைத்தேன்,
பிடுங்க வசதியாக.

இசிதோர் போனில் கத்தினான்:
"ட்ரெபிளைக் கொன்னுட்டியா? பெரம்பூர் ஹால்ல
என் டிரம்ஸுக்குப் பின்னாடி நீ செத்துப்போவே."
அவன் வீட்டுப் பக்கத்தில் யாரும் பகலில் தூங்குவதில்லை.

பர்வீனும் நானும் பேசி வைத்தோம்:
சுவரில் ஒரு தட்டு என்றால் கீச்சு,
இரண்டு தட்டு என்றால் டம்ளர்.
இரண்டரையில் வாசித்தேன், இரண்டு தட்டு.
நாலில் வாசித்தேன், ஒன்று.
கொருக்குப்பேட்டைப் பக்கம் கூட்ஸ் ஒன்று
பெட்டி பெட்டியாகத் தடதடத்துப் போய் முடியும்வரை காத்திருந்து
மூன்றைத் தாண்டிக் கொஞ்சம் திருப்பி
ஒரே கார்டைப் பத்து நிமிஷம் அடித்தேன்.
தட்டு இல்லை.
சத்தத்தை ஏற்றினேன்.
தட்டு இல்லை.

சரியாகிவிட்டதா, வெளியே போய்விட்டாளா?
கேட்கவும் முடியாது.
சூடான சால்டரிங் ராடை ஸ்டாண்டில் வைத்துவிட்டு
கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆறரைக்கு அவள் பூட்டைப் பூட்டும் சத்தம்.
வெள்ளை உடுப்பு, கன்னத்தில் தலையணை மடிப்பு.
ஜன்னல் அருகே ஒரு கணம் நின்றாள்.
"ஏன், இன்னிக்கு வாசிக்கலையா?"

அக்காவின் நெயில் பாலிஷில்
மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன்.
டிசம்பரில், பெரம்பூரில்,
இசிதோர் அதைத் தாண்டித்தான் திருப்புவான்.