ஆறு குதிரை

பிரித்துக்கொண்டபோது
படகு அவனுக்கு, மோட்டர் எனக்கு.
வக்கீல் இரண்டு தரம் கேட்டார்.
ஓம், எழுதுங்கோ என்றேன்:
ஜான்சன், ஆறு குதிரை,
எழுபத்திரண்டில் செய்தது,
ஓடாது.

ஒரிலியாவில் என் கராஜ்
கார் விட்டால் கதவு மூடாத அளவு.
கார் பனியில் நிற்கட்டும்.
பழைய கட்டில் சட்டத்தை நிமிர்த்தி
அதில் மோட்டரைக் கொழுவினேன்.
தலைமூடியைக் கழற்றினால்
உள்ளே எலி கட்டிய கூடு,
அதில் என்னுடைய பச்சைக் கையுறையின் நூல்.

பகலில் நான் பல் சுத்தம் செய்கிறவள்.
அடுத்தவர் வாய்க்குள் குனிந்தே
பதினொரு வருஷம்.
எங்கே காரை, எங்கே சொத்தை என்று
விரல் முதலில் சொல்லும், கண் பிறகு.
கார்புரேட்டரைத் திறந்தேன்.
மூன்று கோடைக்கு முந்திய பெட்ரோல்
பலாப்பால் போலப் பிடித்துக் கிடந்தது.
துளைக்குள் மயிர்கூட நுழையாது.
கிளினிக்கில் எறிய வைத்திருந்த
வளைந்த ஊசியொன்றைக் கொண்டுவந்தேன்.
அதைக் களவு என்று சொல்லேலாது.

தண்ணீர் இறைக்கும் ரப்பர்ச் சக்கரம்.
ஆறு இதழ்.
இடமில்லாத கூட்டுக்குள் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து சாய்ந்து,
வெளியே எடுத்து மேசையில் வைத்த பிறகும்
நிமிரவில்லை.
புதுசு வாங்கிப் போட்டேன்.
பழையது ஜன்னலோரம் இருக்கிறது, ஒரு கிழமையாய்.
போகவர ஒருக்கால் பார்ப்பேன்.

சாமான் கடை வெய்ன் கேட்டான்,
"உன் கணவருக்கா?"
"இல்லை, ஜான்சனுக்கு."
அவன் சிரிக்க
கொஞ்சம் நேரம் எடுத்தது.

பிறகு கால்.
கியர் எண்ணெய் பால்தேத்தண்ணி நிறத்தில் வடிந்தது.
விசிறியை அச்சோடு சேர்ப்பது
சுண்டுவிரல் நீளமில்லாத ஒரு பின்.
பாறையில் அடிபட்டால் அது முறியவேணும்,
முறிவதற்கென்றே மெலிவாய்ச் செய்தது.
ஐந்து டொலருக்கு இரண்டு.
அது முறிந்து போனால்
வேறொன்றும் முறியாது.

அந்த இடத்தில்
யசீகரன் ஒரு இரும்பாணி வெட்டிப் போட்டிருந்தான்.
போட்ட அன்று எனக்குக் காட்டியும் இருந்தான்,
"இனி சென்மத்துக்கும் முறியாது."
உண்மைதான்.
ஆணியில் கீறல்கூட இல்லை.
உள்ளே முன்னோட்டப் பல்சக்கரத்தில்
மூன்று பல் இல்லை.

நெடுநேரம் அதைக் கையில் வைத்திருந்தேன்,
என் தொழிலில் எல்லாரிடமும் கேட்பதுபோல்
வாய்வரை வந்தது:
எப்ப இருந்து நோ?

வெய்ன் செத்த மோட்டர் ஒன்றிலிருந்து
சக்கரம் எடுத்துத் தந்தான். இருபது டொலர்.
பித்தளைப் பின் இரண்டு போட்டுத் தந்தான், சும்மா.

கூச்சிச்சிங் ஏரி,
பெயரிலேயே கூச்சம் வைத்திருக்கிற ஏரி,
ஏப்ரல் கடைசியில்தான் போர்வையை விலக்கியது.
எனக்கோ ஏரிக்குப் போகப் படகில்லை.
நீலக் குப்பைவாளி நிறையக் குழாய்த் தண்ணீர் விட்டு
காலை அதற்குள் இறக்கினேன்.
பெட்ரோல் ஐம்பதுக்கு எண்ணெய் ஒன்று.
கயிற்றை இழுத்தேன்.
ஒன்பதில் ஒரு இருமல்.
பதின்மூன்றில் பெரிய பொய்.
பதினேழில், என்னை அறியாமல் ஒரு தூஷணம் சொன்னேன்,
அதுக்குப் பிடித்துக்கொண்டது.

நீலப்புகை.
காலின் பின்துளையால்
சூடாய்த் துப்பியது தண்ணீர்.
முன்னோட்டத்துக்குத் தட்டினேன்.
வாளி பொங்கி என் சப்பாத்து, கராஜ், தெருவரை வெள்ளம்.
வேலிக்கு மேலால் டோரீன் எட்டிப் பார்த்து
"எங்கே போகிறாய்?" என்று கத்தினாள்.
ஆறு குதிரையும் முழுப்பாய்ச்சலில்
ஒரு வாளிக்குள்.
கையால் காட்டினேன்: இங்கேதான்.

ஆர் சொன்னதோ தெரியாது.
இரவு அவனிடமிருந்து செய்தி:
"மோட்டரை விற்கிறியா?"

கை கழுவிவிட்டு எழுதினேன்:
"படகை விற்கிறாயா?"

மூன்று புள்ளி வந்தது. மறைந்தது.
திரும்ப வந்தது.
நான் கராஜுக்குப் போனேன்.
காலுக்குள் நிற்கிற தண்ணீர் வடியும்வரை
மோட்டரைச் சரிக்கக் கூடாது,
நிமிர்த்தியே வைத்திருக்கவேணும்.