காணும், காணாது

ஸ்விண்டனில் இந்த வீட்டின் சூட்டை
நடைச்சுவரில் இருக்கும் ஒரு வெள்ளைப் பெட்டிதான் தீர்மானிக்கிறது.
அதற்குத் தெரிந்தது இரண்டே சொல்:
காணும். காணாது.
காணாது என்றால்
மாடி அலுமாரிக்குள் பொயிலர் இருமிக்கொண்டு எழும்பும்.
காணும் என்றால் படுத்துவிடும்.

பெட்டியில் பிழையில்லை, அது இருந்த இடத்தில்தான்.
குசினிக் கதவிலிருந்து இரண்டடி.
கீழே வாகீசன் குடும்பத்துக்கு
ஞாயிறென்றால் ஆட்டிறைச்சி, கத்தரிக்காய்ப் பொரியல்,
நாலு அடுப்பும் எரியும்.
பெட்டி மணந்து பார்த்துவிட்டு
காணும் என்கிறது.
மேலே எங்கள் அறையில்
இரவு வேலை முடித்து வந்த கீர்த்தனன்
ஜாக்கெட்டோடு படுத்திருக்கிறார்,
மூச்சு வெள்ளையாய்ப் போகிறது.

பில்லில் பாதி நாங்கள், சூட்டில் பாதி எங்கே என்றேன்.
"அதுக்காகச் சமைக்காமல் இருக்கிறதோ?" என்றாள் அனுஷியா.
அவள் கேட்டதும் சரிதான்.
ஒரு வீட்டின் குளிரை
ஒரு தாச்சியிடம் கேட்டால் அது வேறென்ன சொல்லும்?
ஆட்களை விட்டுவிட்டுப் பெட்டியைப் பிடித்தேன்.

சனிக்கிழமை.
டெஸ்டரை முதலில் உயிருள்ள பிளக்கில் வைத்தேன், எரிந்தது.
ஹீற்றர் பியூசைக் கழற்றி என் சட்டைப்பையில் போட்டேன்,
வேறு யாரும் மாட்டிவிடக் கூடாது.
பெட்டியில் வைத்தேன், எரியவில்லை.
திரும்பவும் பிளக்கில் வைத்தேன், எரிந்தது.
மின்சாரம் இல்லை என்று சொல்கிறவனை
மூன்று தரம் விசாரிக்க வேணும்.

இரண்டு ஆணி.
மூடிக்குப் பின்னால் சுண்ணாம்புத் தூள், காய்ந்த சிலந்தி,
மூன்று வயர்.
மண்ணிறம், வருகிற உயிர்.
நீலம், அது திரும்பிப் போகிற வழி.
மூன்றாவது
பச்சையும் மஞ்சளும்.

நிலத்துக்குப் போக வேண்டிய வயர் அது.
மற்ற எல்லாம் பிழைத்தாலும் ஆளைக் காப்பாற்றவென்று வைத்தது,
ஒருவரும் பயப்படாத நிறம்.
அதைப் பிடித்து
காணாது சொல்லுகிற முனையில்
முறுக்கி வைத்திருந்தார் யாரோ.
வயர் ஒன்று குறைந்திருக்கும்.
கடை பூட்டியிருக்கும்.
ஒரு துண்டு மண்ணிற டேப்பாவது சுற்றியிருக்கலாம்.
வீடு குளிர்ந்த ஒவ்வொரு தரமும்
இருநூற்று முப்பது வோல்ற்
காவல்காரன் உடுப்பைப் போட்டுக்கொண்டு
எங்கள் சுவருக்குள் ஏறிப் போயிருக்கிறது,
நாங்கள் வந்த நாலு வருஷமும்,
அதற்கு முன் எத்தனையோ.

பியூசை மறந்திருந்தால்
நான் முதலில் தொட்டிருக்கக்கூடியது அதைத்தான்.
சட்டைப்பையைத் தடவிப் பார்த்தேன். இருந்தது.

டோர்ச் பிடித்துக்கொண்டு நின்ற அனுஷியா
"என்னக்கா, முகம் ஒரு மாதிரி?" என்றாள்.
சொன்னேன்.
ஒன்றும் பேசாமல்
மகனின் பள்ளிக்கூடப் பையை
அந்தச் சுவர்க் கொளுக்கியிலிருந்து கழற்றினாள்.
கொளுக்கியின் ஆணி
கேபிளுக்கு ஒரு விரற்கடை தள்ளி இறங்கியிருந்தது.
இரண்டு பேரும் அந்த ஒரு விரற்கடையைப் பார்த்தோம்.

புது இடத்துக்குக் காலை முழுக்கச் சண்டை.
எங்கள் அறையில் வைத்தால் அவர்கள் வேகுவார்கள்,
முன்கதவுப் பக்கம் வைத்தால்
கடிதம் போடுகிற ஓட்டைக் காற்று பட்டு
காணாது காணாது என்று இரவிரவாய்ப் புலம்பும்.
கடைசியில் படிக்கட்டுத் திருப்பம்.
அங்கே யாரும் சமைப்பதில்லை, யாரும் படுப்பதில்லை,
ஏறும்போது ஒருவருக்கு ஒருவர்
ஒதுங்கி வழிவிடுகிற இடம்.

புதுக் கேபிளில் வயர் ஒன்று கூட.
நிலத்துக்கு நிலம்.
பழைய பச்சைமஞ்சளில் ஒரு சாண் வெட்டி
லாச்சிக்குள் போட்டேன், ஏனென்று தெரியாது.

பியூசை மாட்டினேன்.
பத்தொன்பதுக்குத் திருப்பினேன்.
டிக்.
ஒன்றுமில்லை.
கீர்த்தனன் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.
பிறகு அலுமாரிக்குள் அந்த இருமல்,
குழாய்கள் ஒவ்வொன்றாய் நெட்டி முறித்தன.

மத்தியானம் அனுஷியா
சட்டியோடு படியேறி வந்தாள்.
பெட்டி மணந்து பார்க்கவில்லை,
அதன் பாட்டில் இருந்தது.
என் கோப்பையில் இரண்டு அகப்பை போட்டு
"காணுமோ?" என்று கேட்டாள்.

காணாது என்றேன்.