கேஸ்

"கேஸ் வந்திருக்கு" என்று வாசலில் குரல்.
காலி சிலிண்டரை உருட்டிக்கொண்டு
முந்தானையில் முடிந்திருந்த முப்பது ரூபாயை அவிழ்த்தபடி
ஓடிப்போய்ப் பார்த்தால்
ஏட்டு பக்கிரிசாமி.
அவர் கையில் சம்மன்.
என் கையில் நீட்டியபடி முப்பது ரூபாய்.
ஒரு நிமிஷம் இரண்டு பேருமே
அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.
"வேண்டாம்மா" என்றார்,
சர்வீஸில் முதல் தடவையாக இருக்கும்.

தப்பு என்னுடையதில்லை.
ஒரே ஒரு ககரத்தை வைத்துக்கொண்டு
ஊருக்கெல்லாம் படியளக்கிற மொழி இது.
வெள்ளைக்காரன் தனித்தனி வீட்டில் வைத்திருந்த இரண்டு சொல்லை
நாம் ஒரே வீட்டில் குடிவைத்தோம்.
நீலமாய் எரிவதும் வருஷக்கணக்கில் இழுப்பதும்
எழுத்தில் ஒன்றுதான்.
வாயில் வரும்போது தொண்டை கொஞ்சம் மாறும்,
கதவு சாத்தியிருந்தால் அதுவும் கேட்காது.

எங்கள் ஊர் விஷயத்திலோ
ஒன்றுக்காகத்தான் மற்றது வந்தது.
வெண்ணாற்றுக் கரையோடு
ஆள் நுழைகிற குழாய்களை ஏற்றிக்கொண்டு லாரி வந்தபோது
சம்பா நட்டு இருபதாம் நாள்,
பச்சை பிடித்திருந்தது.
வயலுக்கு அடியில் கேஸ் இருக்கிறது என்றார்கள்.
பதினேழு பேர் வழியில் உட்கார்ந்தோம்.
வயலுக்கு மேலேயும் கேஸ் ஆனது.

குற்றப்பத்திரிகையில் நான் ஒன்பதாவது எதிரி.
யாருக்கு என்று எழுதவில்லை.
பெயரிலும் ஒரு க் குறைகிறது, மங்கையர்கரசி என்று.
மன்னார்குடி கோர்ட்டில் டவாலி கூப்பிடும்போதெல்லாம்
புள்ளி வைத்த அந்த ஒற்றை எழுத்தை
வெளியே வேப்பமரத்தடியில் விட்டுவிட்டு
மிச்சம் மட்டும் கூண்டுக்குப் போகிறேன்.

ஆறு வருஷம், முப்பத்தெட்டு வாய்தா.
போன மாசம் வக்கீல் வரவில்லை.
"சாருக்குக் கேஸ்" என்றார் குமாஸ்தா சாரங்கன்.
"எந்தக் கோர்ட்டில்?"
"வயிற்றில்."
ஓமத்திராவகம் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறாராம்.

மகளைப் பார்க்க நீடாமங்கலத்திலிருந்து வந்தவர்கள்
காபியை ஆற்றிக்கொண்டே இழுத்தார்கள்:
"உங்க பேர்ல கேஸ் இருக்காமே?"
"இருக்கு, ரெண்டு கனெக்‌ஷன்" என்றேன்.
அவர்கள் சிரிக்கவில்லை.
மகளும் சிரிக்கவில்லை, மூன்று நாள் பேசவுமில்லை.
பஸ் ஸ்டாப் வரை போய்
"அந்தம்மா ஒரு மாதிரி கேஸு" என்றார்களாம்.
அந்த அர்த்தம் அதுவரை
என் கணக்கில் இல்லாதிருந்தது.

ஒரே ஒரு ராத்திரி மட்டும்
இந்தச் சொல் என்னோடு விளையாடவில்லை.
தண்ணீர் திருப்பப் போன இவரைக்
கண்ணாடிவிரியன் தொட்டு,
திருவாரூர் ஆஸ்பத்திரி, விடியற்காலை மூன்று மணி.
"பாம்பு கேஸ் யாரோடது?" என்று
நர்ஸ் கூவினாள்.
பெஞ்சில் நாலு பேர் இருந்தோம்.
எந்த மாஜிஸ்திரேட் முன்னாலும் ஒப்புக்கொள்ளாத நான்
எழுந்து நின்று ஒப்புக்கொண்டேன்:
"என்னோடது. என் கேஸ்."

பிழைத்துக்கொண்டார்.
கால் மட்டும் கொஞ்சம் இழுக்கும், வாய்தா மாதிரி.

குழாய்கள் இன்னும் கரையில் கிடக்கின்றன.
ஒன்றில் நாய் குட்டி போட்டிருக்கிறது.
ஐப்பசி மழைக்கு ஆடுகள் ஒதுங்குகின்றன,
நடவுக்கு வந்த பெண்கள்
உள்ளே குனிந்து ஈரப்புடவை மாற்றிக்கொள்கிறார்கள்.
கேஸ் இன்னும் அதன் வழியே போகவில்லை.
எங்களுடையதும்
எங்கேயும் போகவில்லை.

இன்றைக்கு முப்பத்தொன்பது.
கோர்ட்டிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுகிறேன்,
பின்னாலேயே நிஜாமுதீன், தோளில் சிலிண்டர்,
தெருவே அதிர "கேஸ்!" என்கிறான்.
உள்ளே படுத்திருந்த இவர்
கண்ணைத் திறக்காமல் கேட்கிறார்:
"எத்தனாம் தேதிக்காம்?"