இரண்டாம் பாகத்தில் சைக்கிள் இல்லை

கொக்குவிலில், ரயர்க் கடைக்கு மேலே,
எங்களுக்கு ஒரு ராச்சியம் இருக்கிறது.
இரண்டு சந்திரன், ஏழு ஆறு,
ஒரு ஏசி. அது ஒழுகும்.

முதற் பாகத்தில்
சூனியக்காரி விரல் சொடுக்கினால் விளக்கெரிந்தது.
எண்ணெய் யார் ஊற்றியது என்று படத்தில் எவரும் கேட்கவில்லை.
பார்க்கப் போன பிள்ளைகள் கேட்டுவிட்டார்கள்.
ஆகவே இரண்டாம் பாகம்.

நாற்பத்தாறு பக்கத்தில் உலக விதிகள் வந்து சேர்ந்தன.
விதி ஒன்பது: மந்திரம் இரும்பைத் தாண்டாது.
விதி பதினொன்று: ஒளி என்பது மலைக்கு அடியில்
நீலக் கல்லாக வெட்டி எடுக்கப்படுகிறது.
கல் என்றால் சுரங்கம். சுரங்கம் என்றால் ஆள்.
ஆள் என்றால் எனக்கு வேலை:
இருநூறு முதுகுகள், முகம் தேவையில்லை,
வெள்ளிக்கிழமைக்குள்.

பக்கத்து மேசை றொக்சன், குருநகர்ப் பெடியன்,
வெளிச்சமும் நிழலும் அவன் பொறுப்பு.
"அக்கா, சூனியத்துக்கு பில் வரத் தொடங்கினா
அதுக்குப் பேர்தான் நாகரிகம்" என்றான்.
பகிடிதான். ஆனாலும்
மின்சார சபையின் சிவப்புக் கடதாசி
எங்கள் கண்ணாடிக் கதவில் இன்னும் ஒட்டியிருந்தது.

இந்தப் பாகத்தில் அந்த ராச்சியத்துக்கு றெயில் வருகிறது.
தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் சூனியக்காரி,
அந்தப் பக்கம் அவளுடைய மந்திரம்.
அழுகிறாள். கண்ணீர் செய்வது வேறு பிரிவு.
என்னுடையவை சிலிப்பர் கட்டைகள்,
ஒன்றன்பின் ஒன்றாக, மலை முடியும்வரை.
பின்னால் காங்கேசன்துறை றெயில் போகும்போது
மேசை அதிர்ந்து என் கோடு கோணும்.
திருத்துவதில்லை.
"மிகவும் இயல்பாக இருக்கிறது" என்று ஒருமுறை பாராட்டு வந்தது.

கோப்பில் இரண்டே இரண்டு அடுக்கு.
மந்திரம் ஊதா, இயந்திரம் செம்பழுப்பு.
பறவையோ பானையோ, எதை வரைந்தாலும்
ஒன்றுக்குள் போட்டே ஆகவேண்டும்.

ஒரு பின்னேரம் கரண்ட் போய்
யூபிஎஸ் பெட்டி கீச்சிட்டுக்கொண்டிருந்த பத்து நிமிடத்தில்
சந்தைக் காட்சியின் மூலையில் ஒருவரை வரைந்தேன்.
சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி
பெடலைக் கையால் சுற்றுகிறார்.
ரயரில் உரசும் டைனமோ. அதிலிருந்து வயர்.
வயரின் முடிவில் றேடியோ.

எனக்கு ஆறு வயதில் உதுதான் கரண்ட்.
வெளியில் ஓர் உலகம் இருப்பது
சக்கரம் சுற்றும்வரைதான் தெரியும்.
கை உளைந்தால்
செய்தி வாசிப்பவர் பாதிச் சொல்லில் இறங்கிப் போய்விடுவார்.
சுற்றியவர் என் சித்தப்பா.
மந்திரவாதி அல்ல, சங்கக்கடை மனேச்சர்.
பொறியியலாளரும் அல்ல.
றேடியோ கதைக்கும்போது
அவர் ஒருவரையும் கதைக்க விடமாட்டார்.

ஊதாவா? செம்பழுப்பா?
மூன்றாவதாய் ஓர் அடுக்குத் திறந்தேன்.
பெயர் கேட்டது.
ஒரு புள்ளி மட்டும் வைத்துவிட்டு
வீட்டுக்குப் போனேன்.

மூன்று நாள் கழித்துப் பதில், மிக மரியாதையாக:
"அழகான யோசனை. ஆனால் இந்த உலகத்தில் சைக்கிள்
மூன்றாம் பாகத்தில்தான் கண்டுபிடிக்கப்படும்.
நீக்கிவிடுங்கள்.
அதோடு, அந்த மனிதர் எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்?"

நீக்கினேன்.
றேடியோவை, வயரை, சைக்கிளை.
ஆளைக் கடைசியாக.
சுவரில் விழுந்த நிழல் என் கோப்பில் இல்லை,
அது றொக்சனுடையதில்.
நான் சொல்லவில்லை. அவன் கேட்கவும் இல்லை.
எழும்பிப் போய் எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணி வாங்கி வந்தான்.

நாற்பத்தோராவது நிமிடம்,
மரக்கறிக்காரிக்குப் பின்னால்,
ஒன்றுமே இல்லாத இடத்தின் நிழலாக
ஒரு சக்கரம் சுற்றும்.
நாலு செக்கன்.

கடைசிக் கேள்விக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை.
சத்தம் சேர்ப்பது
வேறொரு நாட்டில், வேறு யாரோ.