ஜனவரி அளவீடுகள்

மூன்று பால்மாவு டப்பாக்கள்.
ஒன்றில் தண்ணீர், ஒன்றில் காய்ந்த செம்மண்,
ஒன்றில் ரோடு போட்டு மிச்சமான ஜல்லி.
பள்ளியில் இருந்த வெப்பமானிகள் ஐந்து.
அதில் ஒன்று காய்ச்சல் பார்ப்பது,
முப்பத்தைந்துக்குக் கீழே எதையும் ஒப்புக்கொள்ளாது.
கேத்திப் பள்ளத்தாக்கில் அதற்கு வேலையே இல்லை.
மீதி நாலில் ஒன்றை
திங்கள்கிழமை முதல் காணவில்லை.

பத்து மணி வெயிலில் வைத்தோம்.
எட்டாம் வகுப்பு, இருபத்திரண்டு பேர்,
குரங்குத் தொப்பிகளோடு சுற்றி நின்றார்கள்.
அரை மணியில்
மண் இருபத்தொன்பது, ஜல்லி இருபத்தேழு.
தண்ணீர் மட்டும் பதினைந்தில்
யார் வீட்டு விசேஷமோ என்று உட்கார்ந்திருந்தது.
"தண்ணி மக்கு டீச்சர்," என்றான் ரித்திக் போஜன்.

நான் தொண்டிக்காரி.
மத்தியான மணலில் செருப்பில்லாமல் ஓடி
அலை தொட்ட பிறகே மூச்சுவிட்ட கால்கள் என்னுடையவை.
ஒரே வெயில்தான், இரண்டின் மேலும்.
மணல் அப்போதே சுடும், இருட்டியதும் மறந்துவிடும்.
கடல் மெல்ல வாங்கி மெல்லத்தான் விடும்,
அதனால்தான் எங்கள் ஊரில்
மார்கழிக்கும் மின்விசிறி சுற்றும் என்றேன்.
கடல் பார்த்தவர்கள் கை தூக்குங்கள்.
நாலு கை.
ஒன்று, டிவியில் பார்த்தது.

'தன்வெப்பம்' என்று சிமெண்டுத் தரையில்
சாக்பீஸால் எழுதி முடிப்பதற்குள்
சரிவில் இருந்து மஞ்சு ஏறி வந்தது.
முதலில் சைக்கிள் ஸ்டாண்டு காணாமல் போனது,
அப்புறம் கொடிக்கம்பம்.
"சோதனை போச்சு!" என்று கூச்சல்.
எங்கே போச்சு, பாருங்கள் என்று
குனிந்து படிக்க வைத்தேன்.
மண் பத்தொன்பதுக்கு இறங்கியிருந்தது.
மக்குத் தண்ணீர் பதினாலு.
ரித்திக் ஒன்றும் சொல்லாமல்
தொப்பியைக் காதுக்குக் கீழே இழுத்துக்கொண்டான்.

கிருஷாந்தினி மட்டும் குனியவில்லை.
சுவரில் சாய்ந்து, நின்றபடியே தூங்கினாள்.
மூன்றாவது நாளாக.

வெள்ளிக்கிழமை ரெக்கார்டு நோட்டுகள் வந்தன.
எல்லோர் அட்டவணையிலும் எங்கள் மூன்று டப்பாக்கள்.
அவள் நோட்டில் வேறு.
காஞ்ச பாத்தி, தண்ணி விட்ட பாத்தி, கிணறு.
நேரம் இரவு பதினொன்று, இரண்டு, நாலரை.
கிணறு பதினைந்து, பதினைந்து, பதினைந்து.
தண்ணி விட்டது ஐந்து, இரண்டு, ஒன்று.
காஞ்சது மூன்று, பூஜ்யம்,
அப்புறம் ஒரு கழித்தல் குறி,
தாள் கிழிய அழுத்திப் போட்டு, இரண்டு.

நோட்டுக்குள் பழைய துணியில் சுற்றி
வெப்பமானி இருந்தது.
குமிழில் கேரட் வயல் மண்.

'அறிந்துகொண்டது' என்ற தலைப்பின் கீழ்
மற்றவர்கள் நான் சொன்னதையே எழுதியிருந்தார்கள்.
சிலர் தன்வெப்பத்தைத் தன்வெட்கம் ஆக்கியிருந்தார்கள்.
அவள் எழுதியது:

'காலையில் காஞ்ச பாத்தி வெள்ளையா இருந்துச்சு.
வெயில் வந்ததும் இலை கறுத்துப் போச்சு.
தண்ணி விட்டதில் ஒண்ணும் ஆகலை.
அம்மாதான் ராத்திரி மோட்டார் போடுறது.
ஓனர் பாத்தி முழுக்க ஸ்பிரிங்ளர் சுத்தும்.
குத்தகைக்கு எடுத்த எங்க பாத்திக்கு
பைப் எட்டாது.'

சிவப்புப் பேனாவை மூடினேன், திறந்தேன்.
தேதி போடவில்லை என்று
அரை மதிப்பெண் குறைத்தேன்.
அது என் தொழில்.
பிறகு அந்த அரையை அடித்துவிட்டு
முழுதாகப் போட்டேன்.
அதுவும் ஒரு பாத்திக்கும் எட்டாது.

ஞாயிறு ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது.
இரண்டு கம்பளிக்கு அடியில் கிடந்து கேட்டேன்,
பள்ளத்தாக்கின் அடியில் மோட்டார் ஓடும் சத்தம்.
ஜன்னல் கண்ணாடியில் விரல் வைத்தேன்,
எடுத்துவிட்டேன்.

திங்கள் காலை முதல் பீரியட்.
தலை மேஜையைத் தொடும் முன்பே
அவளை எழுப்பி
கிழக்கு ஜன்னல் பெஞ்சுக்கு மாற்றினேன்.
வெயில் அங்கே ஒன்பது மணிக்கே விழும்.
"தூங்கு," என்றேன்.
மற்ற இருபத்தொரு பேரையும்
நிலக்காற்று, கடற்காற்று பக்கத்தைத்
திறக்கச் சொன்னேன்.
மெதுவாகத்தான் படித்தேன்.