இரண்டு வட்டம்

தெற்குவாடியில் டோக்கன் வாங்கி
குருசடைத் தீவு பின்னால் போகும்வரை
எல்லோரும் சட்டையோடுதான் இருப்போம்.
முதல் மடி இறங்கியதும் கழற்றிவிடுவோம்,
ஆறு பேரும்.

கணவாய் பிரித்துக்கொண்டிருந்த ஸ்நோவின்
என் இடது புஜத்தில் விரலை வைத்துக் கேட்டான்:
"என்ன மாமா இது,
ரெண்டு ரூபாய்க் காசைக் காய்ச்சி வச்சுட்டாங்களா?"

அம்மை குத்தினது என்றேன்.
"அம்மை வந்தா வேப்பிலைதானே வைப்பாங்க,
எதுக்குக் குத்தணும்?"
அவனுக்கு அம்மை என்றால் சின்னது.
பத்து நாள் பள்ளிக்கூடம் கிடையாது, இளநீர் உண்டு,
முடிந்தது.

அவன் கையைப் பார்த்தேன்.
பிறந்ததும் போட்ட ஊசி, உளுந்தளவு ஒரு சுருக்கம்.
எஞ்சின் பக்கம் குனிந்திருந்த ரெமிஜியுஸுக்கும் அதுவே.
எல்லோருக்கும் அதுவே.
வட்டக்காரன் நான் ஒருத்தன்தான் படகில்.

இது எப்போது நடந்தது?
முன்பு நான்கு பேர் இருந்தோம்.
சவேரியான் கரையில் ஐஸ் உடைக்கிறான்,
மூட்டுவலி.
மற்ற இரண்டு பேருக்கும்
பூசை வைத்தாயிற்று.

குத்துகிறவர் மண்டபத்திலிருந்து ரயிலில் வருவார்.
தோல் பை, குடை, கால்சட்டையில் வெற்றிலைக் கறை.
கவிழ்த்துப் போட்ட வள்ளத்துக்கு அடியில் ஒளிந்தேன்.
கால் வெளியே தெரிந்திருக்கிறது.
முள் முள்ளாக ஒரு சின்னத் திருகு,
கையில் அழுத்தி ஒரு சுற்று,
அழ வாய் திறப்பதற்குள் இன்னொரு சுற்று.

பொருக்கு உதிரும்வரை உப்புத்தண்ணீர் ஆகாது என்று
அம்மா கையில் துணி சுற்றிவிட்டாள்.
பத்தொன்பது நாள்.
கடலைக் கரையில் நின்று பார்த்தது அப்போதுதான்.
உள்ளே இருந்தால் கடல் தெரியாது, தண்ணீர்தான் தெரியும்.
பொருக்கை ஒரு தீப்பெட்டியில் வைத்துக்கொண்டேன்.
எதற்கென்று கேட்டால் தெரியாது.
எறும்பு தூக்கிப்போய்விட்டது.

அன்றைக்கு அது புளியங்கொட்டை அளவு.
கை வளர வளரக் கூடவே வளர்ந்தது.
வெயிலுக்கு உடம்பெல்லாம் கருத்தும் அது கருக்கவில்லை,
ஒரு முடி முளைக்கவில்லை.

இதே வட்டத்தால் ஒருமுறை மாட்டிக்கொண்டேன்.
எனக்கு இருபத்துமூன்று என்று சொல்லித்தான்
விமலியைப் பெண் கேட்டார்கள்.
மூக்கையூர்க் கிணற்றடியில் குளிக்கும்போது
அவள் அண்ணன் வாளியைக் கீழே வைத்தான்.
"மாப்பிள்ளைக்கு ரெண்டு இருக்கே.
எங்க தெருவுல ரெண்டு இருக்கிறவனெல்லாம்
முப்பதைத் தொட்டவனாச்சே."
சர்டிபிகேட்டைத் திருத்த ஆள் இருந்தது.
கைக்கு இல்லை.
எப்படியோ கல்யாணம் நடந்தது.
இன்றைக்கும் சண்டை முற்றினால்
அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை,
கையைத்தான் பார்க்கிறாள்.

இப்போது சதை தளர்ந்து
வட்டம் வட்டமாக இல்லை,
நனைந்து காய்ந்த பீடிக்கட்டு லேபிள்போல
ஓரம் சுருண்டு கிடக்கிறது.
அந்த நோய் உலகத்திலேயே இல்லையாம்.
செத்துப்போன திருடனுக்காக
ஐம்பது வருஷமாக இரண்டு பேர்
என் கையில் காவல் நிற்கிறார்கள்.
போகச் சொல்ல யாரும் வரவில்லை.

ஸ்நோவினிடம் இதையெல்லாம் சொல்லவில்லை.
கயிறு இறுகியது, ரெமிஜியுஸ் கத்தினான்,
இரண்டாவது மடியை ஏற்றினோம்.
காரலும் குப்பையும்.

மறுநாள் கரைக்கு வந்து
சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டேன்.
விமலி பக்கத்தில் வந்து உற்றுப் பார்த்தாள்.
பையன் விரல் வைத்த இடத்தில்
கணவாய் மை காய்ந்து
மூன்றாவதாக ஒன்று, நல்ல கறுப்பில், உருண்டையாக.

"இது எந்த வயசுக்குக் குத்தினது?" என்றாள்.

சோப்பை எடுத்துக்கொண்டு போனேன்.
தேய்க்கத்தான் போனேன்.
தண்ணீரை மொண்டு மொண்டு
வலது பக்கமே ஊற்றிக்கொண்டிருந்தேன்.